சாட்சிக் கூண்டின் வலது கால்

அத்தியாயம் 11
வேதசிரோமணி பஸ் தள்ளியதும், தேர் மரத்தின் மேல் நின்று கால் கழுவியதும்

வேதசிரோமணிக்குக் கொட்டாவி வந்தது. துப்பறிகிறவர் கொட்டாவி விடக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் உதவி கேட்டு வந்தவள் எதிரில் விடுவது அழகில்லை என்று துண்டால் வாயை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளேயே இன்னொன்று வந்தது.

சப்-இன்ஸ்பெக்டராக இருந்து பென்ஷன் வாங்கியவர். இனி மத்தியானம் தூங்குவதுதான் உத்தியோகம் என்று ராஜபாளையத்தில் வீடு பிடித்தார். ஊர் விடவில்லை. காணாமல் போனது கோழியானாலும் கொழுந்தனானாலும் அவர் கதவைத்தான் தட்டியது. தட்டினால் எழுந்து போய்த் திறக்கும் கெட்ட பழக்கம் அவருக்கு இருந்தது.

இந்தத் தடவை தட்டியவள் வெள்ளைத்தாய். அவள் புருஷன் தங்கச்சாமி கோர்ட்டில் டவாலிச் சேவகன். எந்தக் கோர்ட்டு என்பது வேண்டாம். அங்கே, பஞ்சு மூடை அடுக்கிய ஒரு கிட்டங்கிக்குத் தீ வைத்த வழக்கு நடந்தது. சாம்பலில் கிடந்த ஒரு தங்க மோதிரம்தான் அதில் ஒரே தடயம். அந்த மோதிரத்தைத் தட்டில் வைத்து, சாட்சிக் கூண்டருகே தங்கச்சாமி நீட்டிக்கொண்டு நின்ற சமயத்தில் மேலே ஆடிக்கொண்டிருந்த பங்கா விசிறியின் கயிறு அறுந்தது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். கீழே பார்த்தபோது தட்டு மட்டும் இருந்தது. உடனே கதவைச் சாத்தி, உள்ளே இருந்த அத்தனை பேரையும் குடுமி வரை அவிழ்த்துச் சோதித்தார்கள். மோதிரம் இல்லை. தட்டைப் பிடித்தவன் தங்கச்சாமி, ஆகையால் எடுத்தவனும் அவனே என்று வழக்குப் போட்டார்கள். நாளைக்குத் தீர்ப்பு. வேலை போகும், அதோடு ஆளும் பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போவான்.

"ஆளுக மேல மோதிரம் இல்ல. கட்டடத்துக்குள்ளயும் இல்ல" என்று முந்தின நாள் வேதசிரோமணி சுவரைப் பார்த்துச் சொல்லியிருந்தார். "அப்ப எது மேல ஏறிப் போச்சு?"

பதில் சொன்னவன் அவருடைய உதவியாள் சோலைச்சாமி. நாடகக் கொட்டகையில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவன். அந்த வியாதி இன்னும் தீரவில்லை. "கால் இருந்தும் சோதனை போடாம வெளிய விட்டது ஒண்ணே ஒண்ணுதான் அய்யா. சாட்சிக் கூண்டு. பழசாப் போச்சுன்னு மறு மாசமே ஏலத்துல தள்ளிட்டாக."

கூண்டை ஏலம் எடுத்தவன் ராஜபாளையத்து வில்சன். அவன் ஷெட்டில்தான் இப்போது மூன்று பேரும் நிற்கிறார்கள்.

பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு தேக்கு வருவது நின்றுவிட்டது. ஊரில் இருந்த நல்ல மரத்தையும் பட்டாளத்துக்கு என்று லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஆகவே மரச்சாமான் வேண்டுமென்றால், ஏற்கெனவே வேறு எதுவாகவோ இருந்த மரம்தான் கதி. வில்சன் ஷெட்டில் எந்தப் பொருளும் பிறந்த கோலத்தில் இல்லை. கட்டில் கால்கள் மேஜையைத் தாங்கின. பல்லக்குத் தண்டு ஏணியாகியிருந்தது. ஒரு கிராமபோன் பெட்டிக்குள் கோழி அடை காத்தது.

"கூண்டா? எங்கிட்ட கோழிக் கூண்டுதான் அய்யா இருக்கு" என்றான் வில்சன்.

"சத்தியமா?" என்றான் சோலைச்சாமி. "பார்த்துச் சொல்லும். நீரு சாய்ஞ்சு நிக்கது எந்த மரமோ?"

வில்சன் சட்டென்று நிமிர்ந்து நின்றான். பிறகு இறங்கி வந்தான். "கூண்டு மரம்னா ஒருத்தரும் வீட்டுக்குள்ள ஏத்த மாட்டேங்கான் அய்யா. அம்புட்டுப் பொய்ச் சத்தியம் பண்ணியிருக்காக அது மேல. வெறகுக்கு எடுத்துக்கோன்னா, சோறு வேகாதுங்கான். நானும் பிள்ளகுட்டிக்காரன். அதனால மரத்தோட பூர்வீகத்தைக் கொஞ்சம் மாத்துனேன்."

"எப்படி?"

"இந்துக்க வந்தா, சேத்தூர்ப் பக்கம் பிரிச்ச பழைய தேரு. நம்ம சபை ஆளுக வந்தா, இடிச்ச கோயிலோட ஆல்டர் கிராதி, முழங்கால் போட்டுப் பிடிச்சுக்கிடுவாகல்ல, அது."

"பொய்ச் சாட்சிய ஒரே வீச்சுல மோட்சத்துக்கு அனுப்பிட்டீரு" என்றான் சோலைச்சாமி.

வேதசிரோமணி ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். அது முன்பு என்னவாக இருந்தது என்று கேட்கவில்லை. "முன்னால ரெண்டு கால் உண்டே, தலையில குமிழ் வெச்சது? வலது கைப்பக்கக் குமிழ் லொடலொடன்னு கையோட வந்துரும்னு தங்கச்சாமி சொன்னான். பொய் சொல்லுத சாட்சியெல்லாம் அதைத் திருகித் திருகியே அப்படி ஆயிட்டுதாம்."

"அப்ப இருந்தது. இப்ப ரெண்டும் அசையாது. குமிழ் ரெண்டையும் கழட்டி சோடா உப்புப் போட்டு ஒரே பானையில வேக வெச்சு, பழைய அழுக்கெல்லாம் உரிச்சு, அரக்கை உருக்கி ஊத்தி இறுக்கிட்டேன்ல."

"ஊத்துமுன்னால குழிக்குள்ள பார்த்தியா?"

"செல்லரிச்ச பொந்து அய்யா. பல்லுக் கட்டுதவன் தொண்டைக்குள்ளயா எட்டிப் பார்ப்பான்?"

சாமான் எங்கெங்கே போயிற்று என்பது மட்டும் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. சாட்சி ஏறி நிற்கும் மேடைப் பலகை கடைத்தெரு இட்லிக் கடை ஆவுடையம்மாளுக்கு. ஒரு கால் மிஷன் பள்ளி அமிர்தவல்லி டீச்சருக்கு. இன்னொரு கால் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவருக்கு. "பேரு கேக்கல. வில்வண்டியில வந்தாரு. தேர் மரம்னதும் கண்ணுல ஒத்திக்கிட்டாரு." பாக்கி எல்லாம் அரித்துப்போய் அரக்கு உருக்கும் அடுப்பில் எரிந்துவிட்டது.

"வலது கால் எது, இடது கால் எது?"

"கூண்டுல நிக்கும்போதுதான் அய்யா வலதும் இடதும். கழட்டிப் போட்டா ரெண்டும் ஒரு தாய் மக்க."

இட்லிக் கடையில் அவர்கள் அதிக நேரம் நிற்கவில்லை. மேடைப் பலகை சுவரில் தலைக்கு மேலே ஏறி, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, சாமி படங்களைச் சுமந்துகொண்டிருந்தது. சோலைச்சாமி அண்ணாந்து பார்த்து விரலால் தட்டப் போனான்.

"ஏலே, கையை எடு" என்றாள் ஆவுடையம்மாள். "தேர் மரம். நானே குளிக்காம தொடமாட்டேன். ஒரு உப்புச் சட்டி வெச்சிருக்கனா அது மேல, பாரு."

"சாமி அதுல ஏறி நின்னிருக்கும், என்ன ஆச்சி?"

"நிக்காமயா? எம்புட்டு சனம் பார்த்திருக்கும்."

"பார்த்திருக்கும்" என்றான் சோலைச்சாமி. "வக்கீலோட."

அடுத்தது அமிர்தவல்லி டீச்சர் வீடு. முன்னறையில் ஒரு கால் நட்டமாக நின்றது. குமிழுக்குக் கீழே ஒரு சின்னப் பலகையைப் பொருத்தி, வெள்ளைப் பின்னல் துணி விரித்து, அதன் மேல் வேதப்புத்தகம். குமிழ் பளபளவென்று இருந்தது. டீச்சர் தினமும் துடைக்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அம்மா, இந்தக் குமிழைக் கழட்டிப் பார்க்கணும்" என்றார் வேதசிரோமணி.

"ஆல்டர் கிராதியையா? எத்தனை பேர் இதைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணீர் விட்டிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க."

"விட்டிருக்காக டீச்சர்" என்று சோலைச்சாமி ஒப்புக்கொண்டான். "சில பேர் கூலி வாங்கிக்கிட்டும் விட்டிருக்காக."

டீச்சர் அவனை விட்டுவிட்டு வேதசிரோமணியைப் பார்த்தாள். "போன ஞாயிறு உங்களைக் கோயில்ல காணலையே. கோயிலுக்கு வராம, கோயில் சாமானைப் பிரிக்க மட்டும் வாரீங்களா?"

 உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வில்சனை டீச்சர் சபைக்கு முன்னால் நிறுத்துவாள். நிறுத்திய பிறகும் குமிழைத் தர மாட்டாள். எந்தக் காலில் மோதிரம் என்று தெரியாமல் ஒரு நல்ல மனுஷியின் ஜெபத்தைக் கலைப்பானேன் என்று வேதசிரோமணி வெளியே வந்தார். முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கால்.

பெட்ரோல் கிடையாது, பஸ் கரியில் ஓடியது. பின்னால் ஒரு கொதிகலன், அதன் காற்றாடியைச் சுற்றும் கையாள், புகை. இந்த ஏற்பாட்டின்படி பஸ் சமதரையில் ஜனங்களைச் சுமக்கும், மேட்டில் ஜனங்கள் பஸ்ஸைச் சுமப்பார்கள். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினார்கள். வெள்ளைத்தாயும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளினாள்.

"நீ நில்லு தாயி" என்றார் வேதசிரோமணி.

"நின்னா நேரமாகும். நாளைக்குக் காலையில கோர்ட்டு திறந்துரும்" என்றாள் அவள், கையை எடுக்காமல்.

திரும்ப ஏறி உட்கார்ந்ததும் தன் போக்கில் பேசினாள். "இம்புட்டு நாளும் அவியளை வீட்டுல வெச்சிருக்கோம்னா அது சீனிச்சாமி அய்யா புண்ணியம். அன்னைக்கு அந்தக் கேசுல சாட்சி சொல்ல வந்த மனுசன். தீ எரிஞ்சதை மொதல்ல பார்த்தவர்னு கூப்பிட்டிருந்தாக. எங்க சனமே ஒதுங்கி நிக்கையில அவரா வந்து ஜாமீன் நின்னாரு. மாசம் ஒரு மூடை அரிசி வேற. யாரு செய்வா?"

வேதசிரோமணி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தார். தூங்கிவிட்டார் என்று சோலைச்சாமி நினைத்தான். "யாரும் செய்ய மாட்டாக" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் வில்வண்டி நின்ற வீட்டைக் கண்டதும் வெள்ளைத்தாய்க்கு முகம் மலர்ந்தது. "இது அவிய வீடுல்லா. நான் சொன்ன சீனிச்சாமி அய்யா வீடு."

சோலைச்சாமி வாயைத் திறந்தான். வேதசிரோமணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

சீனிச்சாமி நெற்றி நிறையத் திருநீறும் ஒரு வார நரைத் தாடியுமாக உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத்தாய் குனிந்து கும்பிட்டபோது அவர் வேறு பக்கம் பார்த்தார். அவர் சம்சாரம் கருத்தம்மா வந்தவர்களின் கோலத்தைப் பார்த்தாள். கரிப் புகையில் மூவரும் ஒரே நிறமாக இருந்தார்கள். "கிணத்தடிக்குப் போயிக் கால் கழுவிட்டு வாங்க. மோர் கொண்டாரேன்."

வேதசிரோமணிக்குக் குனிவதற்கே அலுப்பாக இருந்தது. கிணற்றடியில் சகதி. அதன் மேல் இரண்டு கட்டைகளைக் கிடத்தியிருந்தார்கள். அவற்றின் மேல் நின்று வாளித் தண்ணீரைக் காலில் ஊற்றினார். கரி கரைந்து ஓடியது. கட்டை தெரிந்தது. அடிப்பக்கம் உருண்டை, மேல்பக்கம் பிளந்த தட்டை. ஓரத்தில் கடைசல் வளையங்கள். அரக்கு மெருகு இன்னும் போகவில்லை. டீச்சர் வீட்டில் அதே வளையங்களைத்தான் பார்த்துவிட்டு வந்தார்.

அவர் சிறிது நேரம் அதன் மேலேயே நின்றார். இறங்கினால் வேலை ஆரம்பமாகிவிடும்.

"அய்யா" என்றான் சோலைச்சாமி மெல்ல, "இட்லிக் கடையில இது தலைக்கு மேல நின்னுது. டீச்சர் வீட்டுல நெஞ்சு உசரத்துல நின்னுது."

"ஆமா. இங்க காலுக்கு அடியில கிடக்கு. வா."

மோரைக் குடித்துவிட்டு வேதசிரோமணி கேட்டார். "பெரியவரே, ராஜபாளையத்துல தேர் மரம் ஒண்ணு வாங்குனீகளாமே?"

"ஆமா" என்றார் சீனிச்சாமி. "ஒரு பக்திக்கு."

"நான் இப்பத்தான் அது மேல நின்னு கால் கழுவிட்டு வாரேன்."

கருத்தம்மா கையில் இருந்த செம்பைத் தரையில் வைத்தாள். "என்னது? கிணத்தடிக் கட்டையா? அவுக கோடாலியால பொளந்து மூலையில போட்டிருந்தாக. சகதியாக் கிடக்கேன்னு நானில்லா எடுத்துப் போட்டேன். தேர் மரமா அது?" அவள் கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தாள். "தேரடியிலயே குடியிருந்துக்கிட்டு... நாலு நாளா மிதிச்சுட்டனே, ஆத்தா." இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நிறுத்தவில்லை. கன்னம் சிவந்தது.

வேதசிரோமணி காத்திருந்தார்.

"போடாத" என்றார் சீனிச்சாமி.

அவள் போட்டாள்.

"கருத்தம்மா, கையை எடு. அது தேர் மரம் இல்ல."

 சோலைச்சாமிகூட வசனம் எடுத்துக் கொடுக்கவில்லை.

"தேர் மரம்னுதான் கடைக்காரன் சொன்னான்" என்றார் வேதசிரோமணி, தாழ்ந்த குரலில். "எல்லாருக்கும் தேரு, கோயில்னுதான் சொன்னான். கேட்டவுக எல்லாரும் நம்பிக் கும்பிடுதாக. இல்லைன்னு தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். உங்களுக்கு யாரு சொன்னா?"

சீனிச்சாமி சம்சாரத்தைப் பார்த்துச் சொன்னார். "நம்ம மகன் வேலுச்சாமி மோதிரம். நான் போட்டது. கிட்டங்கியில வேலையை விட்டு நிறுத்துனாகல்ல, அன்னைக்குத்தான் தீ. கோர்ட்டுல அதைத் தட்டுல வெச்சு, இதைப் பார்த்திருக்கீரான்னு கேட்டாக. இல்லன்னுட்டேன். கயிறு அறுந்துது. கை எடுத்துருச்சு. குமிழு கையோட வந்துது, உள்ள போட்டு மூடிட்டேன். பொறவு போயி எடுக்கலாம்னு பார்த்தா, கூண்டையே வித்துட்டாக."

கருத்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுவரில் பட்டாள உடுப்பில் ஒரு பையன் படம் இருந்தது.

"பட்டாளத்துக்குப் போயிட்டான். பர்மாப் பக்கம் அனுப்புனாக. உசிரோட இருக்கானான்னே தெரியல" என்றார் சீனிச்சாமி. "பேராவது மிஞ்சட்டும்னு பார்த்தேன்."

வெள்ளைத்தாய் வாசல் நிலையருகே நின்றிருந்தாள். அவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"மோதிரம் எங்க?" என்றார் வேதசிரோமணி.

"இல்ல. பொளந்து பார்த்துட்டேன். அரக்குத்தான் இருந்துது. வலது குமிழ்ல ஒரு செதில் போயிருக்கும், அதைப் பார்த்துத்தான் எடுத்தேன். எப்படிப் போச்சுன்னு விளங்கல."

வேதசிரோமணிக்கு மறுபடி கொட்டாவி வந்தது. இந்தத் தடவை மறைக்கவில்லை. "சோலை, நீ சொல்லு. எனக்கு வாய் வலிக்கு."

"குமிழ் ரெண்டும் ஒரே பானையில வெந்துது பெரியவரே" என்றான் சோலைச்சாமி. "வெந்து வெளிய வந்ததும் எது எந்தக் காலுதுன்னு வில்சன் ஜாதகமா பார்த்தான்? கைக்கு வந்ததை வெச்சு இறுக்கிட்டான். நீங்க வாங்குனது வலது தலை வெச்ச இடது கால்."

சீனிச்சாமியின் வில்வண்டியிலேயே ராஜபாளையம் திரும்பினார்கள்.  வில்சனை ஷெட்டில் ஏற்றிக்கொண்டார்கள். அவன் கரி இஸ்திரிப் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

அமிர்தவல்லி டீச்சர் கதவை முழுதும் திறக்கவில்லை. "மறுபடியுமா? நான்தான் சொன்னேனே."

வேதசிரோமணி விலகிக்கொண்டார். சொல்ல வேண்டியவர் பின்னால் நின்றார். சீனிச்சாமி தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னே வந்தார்.

"அம்மா, இது உங்க கோயில் சாமான் இல்ல. சாட்சிக் கூண்டு. இதைப் பிடிச்சுக்கிட்டு நின்னுதான் நான் பொய் சொன்னேன். அதுக்காக இன்னொருத்தன் நாளைக்கு ஜெயிலுக்குப் போகப் போறான். உள்ள இருக்கதை எடுக்க விடுங்க."

டீச்சர் அவரைப் பார்த்தாள். வில்சனைப் பார்த்தாள். வில்சன் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தான். டீச்சர் உள்ளே போய் வேதப்புத்தகத்தை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். பின்னல் துணியை மடித்தாள். "எடுங்க" என்றாள்.

கோடாலி தேவைப்படவில்லை. சூடான பெட்டியைக் குமிழின் கழுத்தில் சுற்றிலும் பிடித்தான் வில்சன். அரக்கு வாசனை கிளம்பியது. ஈரத்துணியைப் போர்த்தித் திருகினான். முதலில் மறுத்தது, பிறகு குமிழ் இளகி வந்தது. பொந்துக்குள் கம்பியை விட்டுத் துழாவி, கருஞ்சிவப்பாக ஒரு உருண்டையை வெளியே எடுத்தான். நெல்லிக்காய் அளவு. டீச்சர் ஒரு சாஸரை நீட்டினாள். அதில் வைத்துச் சுரண்டியதும் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது.

சாஸரை சீனிச்சாமி பக்கம் நீட்டினார்கள். அவர் தொடவில்லை. "அவனுதுதான்" என்றார்.

"காலையில முதல் வேலையா கோர்ட்டுல சொல்லிரலாம்" என்றார் வேதசிரோமணி. அவருக்கு அந்தச் சாஸரை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே தரையில் படுத்துவிடலாம் போல இருந்தது. "இன்னைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போயிப் படுங்க."

"காலையில இல்ல" என்றாள் வெள்ளைத்தாய்.

அன்று மத்தியானத்துக்குப் பிறகு அவள் வாய் திறந்தது அப்போதுதான். சீனிச்சாமிக்கு நேரே வந்து நின்றாள். பகலில் கும்பிட்ட கைகள் இப்போது பக்கத்தில் தொங்கின.

"நீங்க அனுப்புன அரிசியத்தான் நான் பொங்கிப் போட்டேன். அதைத் தின்னுக்கிட்டு அவிய எங்கிட்ட கேப்பாக. ஏட்டி, ஒருவேளை நாந்தான் எடுத்துட்டு மறந்துட்டனோ, அப்படின்னு. எத்தனையோ தடவை கேட்டாச்சு. இன்னைக்குக் காலையிலயும் கேட்டாக." அவள் குரல் உயரவில்லை. "கோர்ட்டுக்கு நாளைக்குச் சொல்லிக்கிடுங்க. எங்க வீட்டுல இப்பமே வந்து சொல்லணும்."

சீனிச்சாமி தலையை ஆட்டினார். வெளியே வந்தார். வண்டிக்காரன் மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டப் போயிருந்தான். அவனைக் கூப்பிடாமல் அவரே நுகத்தடியைத் தூக்கிப் பிடித்தார்.  வெள்ளைத்தாய் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து பூட்டினாள்.